எதிரி இல்லாத விளையாட்டு

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக உன் கணினியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து அந்த மணம் வந்தது. சூடேறிய தூசியும் பழைய வயரும் கலந்த மணம். எத்தனை தரம் கழற்றி ஊதித் துடைத்துத் தந்திருப்பேன்! அடுத்த மாதமே மறுபடி சேர்த்துக்கொண்டு வந்து நிற்பாய். இரும்புக்கடையில் வேலை செய்கிறவன் மேல் கழுவாமல், அதே சட்டையோடு வந்து அதன் முன்னால் குந்தினால் வேறென்ன சேரும்? நீ இருந்தால் இப்போதும் நன்றாக ஏசியிருப்பேன். ஏச ஆளில்லாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். உன் மணம் என்று சொல்ல எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதானே.

இதை உன் மனைவி வதனி கொண்டுவந்து தந்தது தைப்பொங்கல் கழிந்த கையோடு. உரப்பை ஒன்றுக்குள் போட்டுக் கட்டி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். விற்கத்தான் கொண்டுவந்தாளாக்கும் என்று நினைத்தேன். சுன்னாகம் முழுக்கத் தேடினாலும் இந்தக் கிழட்டுப் பெட்டியை வாங்க ஒருவரும் வரமாட்டார்கள் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அவளே கதைக்கத் தொடங்கினாள்.

"விக்கிறதுக்கு இல்லை அண்ணை. இவர் உந்தக் கேமுக்குள்ளை தங்கடை பழைய வீட்டைக் கட்டி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுறவர். எனக்கு உதுகள் திறக்கத் தெரியாது. வீடு எவடத்திலை இருந்தது எண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும்."

வீட்டுத்திட்டத்தில் அவளுக்குப் பெயர் வந்திருக்கிறது, மச்சான். கொடிகாமத்துக்கு அப்பால், உன் ஊரில், உன் சொந்தக் காணியில் ஒரு கல்வீடு. நீ எத்தனை வருடம் காத்துக் கிடந்தாய். போனபிறகு வந்திருக்கிறது, என்ன செய்ய. மேசன் அத்திவாரம் வெட்ட நாள் கேட்டுக்கொண்டு நிற்கிறார். வதனிக்கோ ஒரே பிடிவாதம்: பழைய வீடு நின்ற அதே இடத்தில்தான் புது வீடும் எழும்பவேண்டும்.

"அவர் போகவேணும் போகவேணும் எண்டு கிடந்த வீடு அண்ணை. இனி ஒரு நாளைக்கு அவர் வந்து பாத்தாலும் இடம் மாறியிருக்கக்கூடாது," என்றாள். செத்தவன் வந்து பார்ப்பானோ என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் நீயும் கேட்கமாட்டாய்.

அந்த இடத்தைக் காட்டத்தான் ஆளில்லை. வதனி ஊரெழுவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, உன் பழைய வீட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. உன்னைப் பெற்ற கொப்பரும் இல்லை, கொம்மாவும் இல்லை. கிணறு தூர்ந்து, சுவர் மண்ணோடு மண்ணாகி, வளவு முழுக்கப் புல். காணி உறுதிப் பத்திரத்தில் எல்லை இருக்கிறது, வீடு நின்ற இடம் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள மிச்சம் இருந்தது உன் விளையாட்டு மட்டும்தான்.

அந்த விளையாட்டு எங்களிடம் வந்தது சமாதான காலத்தில். பாதை திறந்து கொழும்புச் சாமான்கள் வரத் தொடங்கிய புதிதில் யாரோ கொண்டுவந்த கள்ளக் கொப்பி சீடி. அப்போது என் கடையில் இரண்டு கணினியும் ஒரு போட்டோக்கொப்பி மெசினும் இருந்தன. நீ கொம்மாவோடு சுன்னாகத்தில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாய். கொப்பர் போய் ஓராண்டு ஆகியிருக்கவில்லை. பாதை திறந்துவிட்டது, வீட்டை ஒருக்கால் பார்த்துவிட்டு நாலு தேங்காயும் பிடுங்கி வருகிறேன் என்று போன மனிதர். மிதிவெடி. அவ்வளவுதான் நீ என்னிடம் சொன்னது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் போன ஆட்கள் நிறையப் பேர், யாரும் யாரிடமும் விபரம் கேட்பதில்லை.

நீ ஏதோ கொப்பி எடுக்க வந்தாய். நான் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். படையாட்களின் சண்டை விளையாட்டு என்று நம்பிப் போட்டால், அது பாட்டுக்கு ஒரு தீவில் இறக்கிவிட்டு, கையில் ஒரு துவக்கும் திசைகாட்டியும் தந்து, நட என்கிறது. நடக்கிறேன், நடக்கிறேன், ஒரு குருவி இல்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒற்றைச் சூடு. ஆள் சரி, செத்தான். மறுபடி முதலிலிருந்து.

"உதென்ன, நெடுக நடக்கிறாய்?" என்று கேட்டாய்.

"நடக்கிறதுதான் கேமாம். விசர் பிடிச்சவன் எவனோ செய்திருக்கிறான்."

நீ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாய். அன்று எடுக்க வந்த கொப்பியை மறந்துபோனாய். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டியிருக்கும்போது பின்கதவால் வருவது உனக்கு வழக்கமாகிப் போனது. கொம்மா ஒருநாள் உன்னைத் தேடி வந்து திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "நாட்டிலை பட்டது காணாதெண்டு பெட்டிக்குள்ளையும் சண்டையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நீ சாகும்வரைக்கும் மறுமொழி சொல்லவில்லை. நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த விளையாட்டு பொய் சொல்லவில்லை. ஒரு குண்டு பட்டால் விழுந்தாய். காலில் பட்டால் தவழ்ந்துதான் போகவேண்டும். ஓடிவந்து நின்றால் மூச்சு வாங்கும், துவக்கு கையில் நிற்காது. நீ பெரிய வீரனில்லை, பத்துப் பேரில் ஒருவன். நீ செத்தாலும் மற்றவர்கள் தங்கள் பாட்டில் போவார்கள். எல்லாவற்றையும்விட அந்தச் சத்தம். தூரத்தில் துவக்கின் வெளிச்சம் முதலில் தெரியும், வெடி பிறகுதான் கேட்கும். முதல் தடவை அதைக் கவனித்தபோது நீ கதிரையில் நிமிர்ந்து இருந்தாய்.

"பாத்தியே, சத்தம் பிந்தி வருகுது. உவன் அரை மைலுக்கு அங்காலை நிக்கிறான். இதைச் செய்தவனுக்குச் சத்தம் எண்டால் என்னெண்டு தெரியும் மச்சான்."

ஷெல் புறப்படுகிற குத்துச் சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் நடுவில் பங்கருக்குள் ஓடிப் பழகிய எங்களுக்கு அது எப்படித் தெரியாமல் போகும்? உலகத்தில் வேறு யாருக்கும் அது ஒரு விளையாட்டின் நுணுக்கம். எங்களுக்கு அது, நாங்கள் பட்டதை யாரோ நம்பியது போல இருந்தது. இதை நீ சொல்லவில்லை, நான்தான் இப்போது சொல்கிறேன். பிழையென்றால் வந்து திருத்து.

ஆனால் நாங்கள் இருவரும் படுதோல்வி. எத்தனை கிழமை விளையாடியும் முதல் ஊரைத் தாண்ட முடியவில்லை. காரணம் எங்களுக்கே விளங்கவில்லை. விளங்க வைத்தவன் ஓர் ஆமிக்காரன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஸ்பீக்கரைக் குறைக்க மறந்துபோனோம். பூட்டிய கடைக்குள் வெடிச்சத்தம். ரோந்து போனவர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நான் போய்க் கதவைத் திறந்தேன். ஒருவன் மட்டும் உள்ளே வந்தான். எங்கள் வயதுதான் இருக்கும். திரையைப் பார்த்ததும் அவன் முகம் இளகிவிட்டது. உன் ஆள் வழக்கம்போல ரோட்டின் நடுவால் போய்க்கொண்டிருந்தான். வழக்கம்போலச் சூடு வாங்கி விழுந்தான். சிப்பாய் நாக்கால் 'ச்சு' கொட்டினான். "ரோட் வேணாம். புல்... புல் போ," என்று உடைந்த தமிழில் சொல்லிக் கையைப் பக்கவாட்டில் காட்டினான்.

நீ அவனைத் திரும்பிப் பார்க்காமலே, "புல்லுக்கை மிதிவெடி இருக்கும்," என்றாய்.

மிதிவெடி என்ற சொல் அவனுக்கு விளங்கியது. முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. திரும்பி வெளியே போனான்.

அவன் போனபிறகுதான் எங்கள் பிழை எங்களுக்கே தெரிந்தது. அந்தத் தீவில் ரோட்டில் நடந்தால் சாவு, புல்லுக்குள் இறங்கினால் பிழைக்கலாம். எங்கள் ஊரில் தலைகீழ். ஆள் நடக்காத இடத்தில் கால் வைக்காதே, மாடு போன தடத்தால் போ, புல் மூடின வளவுக்குள் இறங்காதே. சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறி வைத்துச் சொல்லித் தந்த பாடம். கணினிக்குள் இருக்கிற புல்லிலும் எங்களால் கால் வைக்க முடியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து நான் புல்லுக்குள் இறங்கப் பழகினேன், ஊர் ஊராகத் தாண்டினேன். நீ மட்டும் பழகவில்லை. ரோட்டாலேயே போய், ரோட்டிலேயே செத்துக்கொண்டிருந்தாய். "விடு மச்சான், எனக்கு உது சரிவராது," என்பாய். உனக்குப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. பாதை பூட்டியது. அந்த ஆண்டுகளில் துவக்குச் சத்தம் வருகிற எதையும் கடையில் வைத்திருக்க யாருக்குத் துணிவு வரும்? சீடியைப் பழைய மெசின் ஒன்றின் வயிற்றுக்குள் ஒளித்துவைத்தேன். எல்லாம் ஓய்ந்த பிறகு, ஊரில் இணையம் ஒழுங்காக வந்த பிறகு, புதிதுபுதிதாக எத்தனையோ வந்தன. உனக்கும் போட்டுக் காட்டினேன். புல்லின் ஒவ்வொரு தாளும் மினுங்கும், ஆட்களின் முகத்தில் வியர்வை தெரியும். நீ கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு மவுஸைத் தள்ளிவைத்தாய்.

"உதென்னடா, முப்பது குண்டு வாங்கிப்போட்டு ஒருத்தன் ஓடுறான். மதிலுக்குப் பின்னாலை குந்தியிருந்து மூச்சு விட்டால் காயம் மாறுதாம். ஆரை ஏமாத்துறாங்கள்? பழசைப் போடு."

பழசைப் போட்டோம். அப்போது அதை உலகத்தில் வேறு எங்கெங்கோ இருந்த கிறுக்கர்களும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து விளையாடினோம். ஒரு வெள்ளைக்காரன் எழுதிக் கேட்டான்: நீங்கள் இருவரும் ஒரே அணி, ஆனால் ஒருவன் மட்டும் ஏன் எப்போதும் ரோட்டில் நடக்கிறான்? நீ ஒற்றை விரலால் தட்டி, மிதிவெடி என்று பதில் போட்டாய். இந்த ஆட்டத்தில் மிதிவெடி இல்லையே என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். அவன் சிரிப்புப் படம் ஒன்றை அனுப்பினான். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அந்த விளையாட்டோடு ஆட்டங்களை நாங்களே செய்கிற வசதியும் வந்தது. மேலிருந்து பார்க்கிற வரைபடத்தில் வீட்டை, மரத்தை, ஆளை எடுத்து வைக்கலாம். அதில் நீ இறங்கியபோது எனக்கு ஆச்சரியம். இரும்புக்கடைக் கணக்கே எழுத அலுப்புப்படுகிறவன் ஞாயிறு முழுக்க அதிலேயே கிடந்தாய். கிணறு என்ற சாமானே அதில் இல்லை, தண்ணீர்ப் பீப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாய். பிள்ளையார் கோவிலுக்கு ஒரு சின்னத் தேவாலயம். பனை வேண்டுமென்று எங்கோ இருந்த ஒருவனிடம் கேட்டு, அவனும் பாவம், மினக்கெட்டு ஒரு மரம் செய்து அனுப்பினான், பார்த்தால் ஈச்சமரம். "பரவாயில்லை, தூரத்திலை பாத்தால் பனைதான்," என்று அதையே வரிசையாக நட்டாய்.

முடித்துவிட்டு என்னை விளையாடச் சொன்னாய். சந்தியில் தொடங்கியது. துவக்கு இல்லை. நடந்தேன். கோவில் தாண்டி, வளைவு தாண்டி, ரோட்டோரமாக ஒரு வீடு. வாசலில் ஓர் ஆள் நின்றான். எதிரியாக்கும் என்று பதறிப்போய்ப் படுத்தேன்.

"எழும்படா. எதிரி இல்லை."

"அப்ப எதிரி எங்கை?"

"இதிலை ஒருத்தரும் இல்லை."

"அப்ப இதிலை என்னதான் செய்யிறது?"

"வீட்டை போறது," என்றாய்.

வாசலில் நின்றவன் நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரன். அந்த விளையாட்டில் சண்டைக்காரன் அல்லாத ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் உடுப்பு. அது யாரென்று கேட்டேன். அப்பா என்றாய். வேட்டியும் வெறும்மேலுமாகத் திரிந்த மனிதருக்குக் கோட்டும் தொப்பியுமோ என்று நான் பகிடி பண்ணினேன். நீயும் சிரித்தாய், கண் கலங்கச் சிரித்தாய். கிட்டப் போனால் அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். அத்தோடு ஆட்டம் முடியும். உனக்கு அது காணும். புதுச் சண்டை எதற்கும் கூப்பிட்டால் வருவாய். ஆனால் வந்ததும் முதலில் அதை ஒரு தடவை நடந்து முடித்துவிட்டுத்தான் மற்றது.

உன் ஊர்க் காணிகளை மிதிவெடி எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் உன்னை விட எனக்குத்தான் அவசரம். என் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கொடிகாமம் தாண்டும்வரை கதைத்துக்கொண்டு வந்தாய். புதுத்தார் போட்ட ரோட்டில் நிறுத்தினோம். இடுப்பளவு புல். நான் ஒரு காலை இறக்கினேன்.

"அடேய், ஏறு! ஏறடா மேலை!"

நீ போட்ட சத்தத்தில் தூரத்தில் வேலை செய்துகொண்டு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாய், பொத்தான் அறுந்தது. "அவங்கள் எல்லாம் எடுத்தாச்சு மச்சான், பலகை போட்டிருக்கு, பார்," என்றேன்.

"எல்லாம் எடுத்தாச்செண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

வெள்ளைக்காரனைக் கேட்ட அதே கேள்வி. வீடு எவடத்தில் என்று கேட்டேன். "உதிலைதான்," என்று தாடையால் காட்டினாய். எந்த இடம் என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றாய், ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு. பிறகு "வா போவம்," என்றாய். வரும் வழியில் கொடிகாமம் சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்கி, பாதியை வெட்டுவித்து எனக்குத் தந்தாய். அதற்குப் பிறகு உன் ஊர்ப்பக்கம் நீ போனதேயில்லை. வதனி எத்தனை தரம் கேட்டும் கூட்டிக்கொண்டு போகவுமில்லை.

போன ஆவணியில் கடையில் கம்பிக்கட்டு இறக்கிக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாயாம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு நான் ஓடிவந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாற்பத்தைந்தும் ஆகவில்லையடா உனக்கு. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

வதனியை ஸ்டூலில் இருத்தி, உன் ஆட்டத்தைத் திறந்து நடந்து காட்டினேன். சந்தி, கோவில், வளைவு. அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். வீட்டுக்குக் கிட்டப் போனதும், "ஆர் அண்ணை உந்த வெள்ளைக்காரன்?" என்று கேட்டாள். சொன்னேன். "ஐயோ, இவரோ மாமா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டாள். அவள் தன் மாமனாரைக் கண்டதில்லை. நான் திரைப்பக்கம் திரும்பி இருந்தேன். எனக்கும் ஏலாமல் போயிற்று.

நல்ல நாள் பார்த்து, வீட்டுக்கு நிலையம் குறிக்க, முளை அடித்து இடம் காட்ட, நாங்கள் போனோம். மேசன், வதனி, நான். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. சந்தியில் இறங்கியதும் எனக்கு எல்லாம் தெரிந்த இடம். தேவாலயம் இருந்த இடத்தில் பிள்ளையார் கோவில், ஈச்சமரம் இருந்த இடத்தில் பனை வரிசை, ஷெல்லில் வட்டுகள் பறந்து, தலையில்லாமல் மொட்டையாக நின்றன. வளைவும் அப்படியே. நான் பிறக்காத, ஒரு நாளும் இருக்காத ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன் என்றால் நம்புவாயோ? வளைவு தாண்டியதும் ரோட்டோரத்தைக் காட்டி, "உவடம்தான். உதிலை அடியுங்கோ முளையை," என்று மேசனிடம் சொன்னேன்.

முளை இறங்குகிற சத்தம் கேட்டு, எதிர்க்காணியிலிருந்து ஒரு வயதானவர் மாட்டுக்கயிறும் கையுமாக வந்தார். துரையண்ணை என்று பெயர். வன்னியிலிருந்து திரும்பிவந்து மூன்று மாதம்தானாம். உன் பெயரைச் சொன்னதும் வதனியின் தலையில் கைவைத்தார். பிறகு முளையைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை ரோட்டோடை கட்டுறியள்?"

"பழைய வீடு நிண்ட இடம் எண்டு..." என்று வதனி இழுத்தாள்.

"ஆர் சொன்னது? அவையின்ரை வீடு நல்லா உள்ளுக்கை. அந்தா, பின்னுக்கு ஒரு வேம்பு தெரியுதெல்லோ, அதுக்கு இஞ்சாலை. நான் தண்ணி அள்ளின கிணறு எனக்குத் தெரியாதோ?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "இல்லை அண்ணை, நீங்கள் மறந்துபோனியள். அவன் எல்லாம் அச்சொட்டா வைச்சவன். சந்தி சரி, கோவில் சரி, பனை சரி. வீட்டை மட்டும் பிழையா வைப்பானோ?" என்று வயதானவரோடு சண்டைக்குப் போனேன்.

அவர் என்னோடு வாதாடவில்லை. புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ரோட்டுக்கும் வேம்புக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்றார்.

"இதிலைதான் பிள்ளை உன்ரை மாமா விழுந்தது," என்றார். "நானும் அண்டைக்கு என்ரை வளவைப் பாக்க வந்தனான். மகனும் தேப்பனும் ஒண்டாத்தான் வந்தவை. தேப்பன் முன்னுக்கு இறங்கினார், இவன் ரோட்டிலை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். வெடிச்சதும் இவன் ஓடப் பாத்தான். தேப்பன் கிடந்தபடி கத்தினார், 'வராதை தம்பி, ரோட்டிலையே நில், ரோட்டை விட்டு இறங்காதை' எண்டு. அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார், சத்தம் அடங்குமட்டும். இவன் ரோட்டிலையே நிண்டான். நாங்களும் நிண்டம். ஒருத்தராலும் இறங்கேலாமல் போச்சு."

மேசன் சுத்தியலைக் கீழே வைத்தார். வதனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ அன்று அங்கே நின்றாய் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தேனே, பாவி, ஒரு சொல் சொன்னாயா? நான் விழுந்து விழுந்து சிரித்தபோதாவது, வாயை மூடடா என்று ஏசியிருக்கலாமே. கொப்பர் நில் என்று சொன்ன இடத்தில் நின்றிருக்கிறாய். விளையாட்டிலும் அந்தச் சொல்லை நீ தட்டவில்லை. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தத் துண்டு நிலத்தை மட்டும் எடுத்துப்போட்டு, வீட்டைக் கொண்டுவந்து ரோட்டோரம் வைத்திருக்கிறாய். நீயும் இறங்கவேண்டியதில்லை, கொப்பரும் இறங்கவேண்டியதில்லை.

முளையைப் பிடுங்கினோம். நான் புல்லுக்குள் இறங்கினேன். பின்னால் சட்டையைப் பிடித்து இழுக்க நீ இல்லை. எனக்கு நின்று அழவேண்டும் போல இருந்தது, அழுதேன், மேசன் பார்த்தால் பார்க்கட்டும். வேம்புக்கு இந்தப் பக்கம் மண்ணை விலக்கியபோது கிணற்றுக் கட்டின் ஒரு துண்டு தெரிந்தது. அதை வைத்து அத்திவாரம் குறித்தோம். இப்போது சுவர் ஆளுயரத்துக்கு வந்துவிட்டது. துரையண்ணை சொன்ன அந்த இடத்தில் வதனி ஒரு செவ்வரத்தைப் பூச்செடி நட்டிருக்கிறாள்.

போன கிழமை அவள் கடைக்கு வந்தாள். "அண்ணை, அந்தக் கேமிலையும் வீட்டைச் சரியான இடத்துக்கு மாத்தி விடுங்கோவன். அதுவும் சரியா இருக்கட்டும்," என்றாள்.

"உது பழைய கேம் வதனி. இப்ப உதுகளை மாத்தேலாது," என்றேன்.

பொய், மச்சான். மவுஸைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தால் வீடு நகரும். இன்று காலை வரைபடத்தைத் திறந்து, அந்த வீட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். நகர்த்தினால் நடுவில் அந்தப் புல் வந்துவிடும். மூடிவிட்டு, ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து நடந்தேன். இப்போதெல்லாம் நானும் அதில் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. வாசலில் கொப்பர் கோட்டும் தொப்பியுமாக நின்றார். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். நீதான் வருகிறாய் என்று நினைத்திருப்பார்.